பவானி ஆறு சரியாக எங்கே பிறக்கிறது? நீலகிரி மேற்கு விளிம்பின் புல்வெளி, சதுப்பு, ஓடைகள்

#1 கூடுதுறை

வணக்கம். நான் பவானியில் பள்ளி ஆசிரியர். போன வாரம் எட்டாம் வகுப்பில் ஆறுகள் பற்றிய பாடம். ஒரு மாணவி எழுந்து, "சார், நம்ம பவானி ஆறு எந்த இடத்துல ஆரம்பிக்குது?" என்று கேட்டாள். நீலகிரி மலையில் என்றேன். "நீலகிரியில எங்க சார்?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. திங்கட்கிழமை சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து வரைபடங்களைப் பார்த்தேன். ஒன்றில் நீலக்கோடு அப்பர் பவானி அணையில் தொடங்குகிறது. இன்னொன்றில் அணைக்கு மேலே ஏழெட்டு மெல்லிய கோடுகளாகப் பிரிந்து புல்வெளியில் மறைகிறது. வகுப்புச் சுவரில் ஒரு பெரிய வரைபடம் ஒட்டியிருக்கிறோம். அதில் ஊசி குத்தி "இங்கேதான்" என்று காட்ட வேண்டும். அந்த மலைக்காட்டை நேரில் பார்த்தவர்கள் யாராவது உதவுங்கள்.

#2 மேல்குந்தா

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் அந்தப் பக்கத்து ஊர்க்காரன். வேட்டைத்தடுப்புக் காவலர்களோடு தினக்கூலியாக நாலு வருடம் அந்தப் புல்வெளிகளில் நடந்திருக்கிறேன். ஊசி குத்த இடம் கிடைக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் என்று விளக்க முயல்கிறேன்.

மஞ்சூரிலிருந்து கோரகுந்தா தாண்டிப் போனால் தேயிலை முடிந்து போகும். அதற்கு அப்புறம் அலை அலையாகக் குன்றுகள்தான். குன்றின் முதுகெல்லாம் புல். இரண்டு குன்றுகள் சேரும் மடிப்பில் மட்டும் கரும்பச்சையாக ஒரு துண்டுக் காடு, அதுதான் சோலை. சோலைக்குள் மரங்கள் உயரமாக இருக்காது. காற்று வளைத்த குட்டை மரங்கள், பட்டை தெரியாத அளவுக்குப் பாசி. டிசம்பர், ஜனவரியில் விடிகாலையில் பள்ளத்துப் புல் முழுக்க வெள்ளையாக உறைபனி. மிதித்தால் நொறுங்கும்.

அந்தச் சோலைக்குக் கொஞ்சம் கீழே, சரிவு மட்டமாகும் இடத்தில், புல்லின் நிறம் மாறும். அங்கே கால் வைத்தால் தரை ஒரு விரற்கடை இறங்கும். பக்கத்தில் ஒரு அடி தள்ளி இருக்கும் புல் ஆடும். அந்த இடத்தில் நான் பலமுறை கையை வைத்து அழுத்திப் பார்த்திருக்கிறேன். விரல்களுக்கு நடுவில் தண்ணீர் ஊறி வரும், தேநீர் டிகாஷன் நிறத்தில். கையை எடுத்தால் பள்ளம் மெல்ல நிரம்பி மூடிக்கொள்ளும். மழை நின்று மூன்று மாதம் ஆன பிப்ரவரியிலும் இப்படித்தான். உள்ளே கறுப்பு மண், அதில் பழைய புல் வேர்கள் மட்காமல் அப்படியே கிடக்கும்.

இந்தச் சதுப்பின் கீழ் நுனியில் ஒரு கசிவு. கசிவுகள் சேர்ந்து ஒரு முழ அகல ஓடை. எங்கள் படுகர் மொழியில் ஓடையை ஹள்ளா என்போம். இப்படி மடிப்புக்கு ஒரு ஹள்ளா. இதில் எதை பவானி என்பது? எல்லாமே பவானிதான்.

#3 தாளவாடி_தம்பி

அண்ணா, தலைக்காவிரியில் குளம் கட்டி, இதுதான் காவிரி பிறந்த இடம் என்று காட்டுகிறார்களே. அது மாதிரி இங்கே கோயிலோ சுனையோ எதுவும் இல்லையா?

#4 மேல்குந்தா

நான் பார்த்தவரை அப்படி ஒன்று இல்லை தம்பி. ஆனால் அந்த நிலத்தைப் புனிதமாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். தோடர்களுக்கு பைக்காரா ஆறும் அவலாஞ்சிப் பக்கத்து ஆறும் தெய்வத்தன்மை உள்ளவை. இறந்தவர்களின் ஆவி மேற்கே முக்குருத்தி மலை வழியாகத்தான் மறுஉலகத்துக்குப் போகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. அவர்களுடைய கோயில்களுக்குக் கூரை வேயும் ஒரு வகைப் புல்லும் இந்த மாதிரிச் சதுப்பில்தான் வளரும். சதுப்பு காய்ந்தால் அந்தப் புல்லும் போய்விடும். கூரை மாற்றப் புல் தேடி இப்போது வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்று ஒரு தோடர் பெரியவர் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

#5 நீர்வரை

நான் நீரியல் படிக்கும் மாணவன். மேல்குந்தா அண்ணா சொன்ன படத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஆசிரியருக்கு வரைபடத்தில் பயன்படும்.

நீலகிரி மேல்தளத்தை ஒரு சாய்ந்த மேசையாக நினைத்துக்கொள்ளுங்கள். மேசையின் மேற்கு விளிம்பு தூக்கியிருக்கிறது. கோலாரிபெட்டா, முக்குருத்தி சிகரம் (2554 மீட்டர்) எல்லாம் அந்த விளிம்பில்தான் வரிசையாக நிற்கின்றன. விளிம்பைத் தாண்டினால் நிலம்பூர் பக்கம் ஏறக்குறைய 2000 மீட்டர் செங்குத்து இறக்கம். வரையாடுகள் நிற்பது இந்தப் பாறை விளிம்பில். தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து வந்து இந்தச் சுவரில்தான் முட்டுகிறது. அதனால் விளிம்பில் கொட்டித் தீர்க்கும் மழை, கிழக்கே உதகைக்கு வருவதற்குள் பல மடங்கு குறைந்துவிடும். இன்னும் வடகிழக்கே இறங்கினால் சீகூர்ப் பக்கம் முள்காடு.

இந்த விளிம்பில் விழும் தண்ணீர் எங்கெங்கே போகிறது என்று பாருங்கள். முக்குருத்திப் பக்கம் விழுவது பைக்காராவாக வடக்கே ஓடி, மேல்தளத்தை விட்டு இறங்கியதும் மாயாறு என்று பெயர் மாறி, கிழக்கே திரும்புகிறது. தென்மேற்கு மூலையில் விழுவது பவானியாகத் தெற்கே இறங்கி, கேரளத்துக்குள் போய், அதுவும் கிழக்கே திரும்புகிறது. வடக்கே மாயாறு, தெற்கே பவானி, நடுவில் நீலகிரி. இரண்டும் மலையைச் சுற்றிக்கொண்டு வந்து பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் சேர்கின்றன. இப்படிக் கைகோத்துச் சுற்றுவதற்கு நிலத்தடியில் காரணம் உண்டு. நீலகிரி சார்னகைட் என்ற மிகப் பழைய, கடினமான பாறை. அதன் வடக்கிலும் தெற்கிலும் பூமியின் மேலோடு பழங்காலத்தில் நசுங்கி உராய்ந்த இரண்டு பலவீனமான பட்டைகள் ஓடுகின்றன. மாயாறு, பவானி என்றே அவற்றுக்கும் பெயர். ஆறுகள் அந்தப் பட்டைகளைத் தேடிப் பிடித்து அறுத்துக்கொண்டு போயிருக்கின்றன.

அதே விளிம்பின் மறுபக்கத்தில் விழும் துளிகள் குந்திப்புழை, சாலியாறு என்று அரபிக்கடலுக்குப் போய்விடும். முதுகில் ஒரு அடி இந்தப் பக்கம் விழுந்தால் வங்கக்கடல், ஒரு அடி அந்தப் பக்கம் விழுந்தால் அரபிக்கடல்.

#6 முக்காலிக்காரி

பவானி கேரளத்துக்குள் போகிறது என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நான் அட்டப்பாடியில் வாழ்க்கைப்பட்டு வந்த கோயம்புத்தூர்ப் பெண். அதைப் பற்றி நானும் கொஞ்சம் சொல்கிறேன்.

தெற்கே பாய்ந்து வரும் ஆறு முக்காலியில் சட்டென்று வடகிழக்கே திரும்புகிறது. மேற்கே போயிருந்தால் கடல் பக்கம்தான். ஆனால் திரும்பித் தமிழ்நாட்டுக்கே போகிறது. எல்லையில் சிறுவாணியும் கொடுங்கரைப்பள்ளமும் வந்து சேர்கின்றன. கேரளத்தில் பிறந்தோ கேரளத்தின் வழியாகவோ கிழக்கே ஓடும் ஆறுகள் கபினி, பவானி, பாம்பாறு என்று மூன்றே மூன்றுதான். என் பிள்ளைகள் பள்ளியில் இதை மனப்பாடம் செய்கிறார்கள்.

எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் மேற்கே தெரியும் மலைக்கு அந்தப் பக்கம்தான் அமைதிப் பள்ளத்தாக்கு. குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டக்கூடாது என்று 1970களின் இறுதியில் பெரிய போராட்டம் நடந்து, 1984இல் அது தேசியப் பூங்காவானது. ஒரே மலையின் இரண்டு பக்கத்துச் சரிவுகளில் பிறந்த ஆறுகள். அங்கே குந்திப்புழை ஒரு தடையும் இல்லாமல் காட்டைக் கடக்கிறது. இங்கே பவானி பிறந்த இடத்திலேயே அணை. கோடையில் எங்கள் ஆற்றில் பாறை தெரியும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும்.

#7 பென்ஸ்டாக்

குந்தா மின் திட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முக்காலி அம்மா சொன்னதில் ஒரு முக்கியமான சங்கதி இருக்கிறது. மலைமேல் இருக்கும் இன்றைய தண்ணீர் வழி, இயற்கையான வழி மட்டும் கிடையாது.

அப்பர் பவானியில் தேங்கும் தண்ணீர் சுரங்கம் வழியாக அவலாஞ்சிப் பக்கம் போகிறது. அவலாஞ்சியும் எமரால்டும் ஒன்றோடொன்று இணைந்த நீர்த்தேக்கங்கள். அங்கிருந்து குந்தா, கெத்தை, பரளி என்று ஒவ்வொரு மின் நிலையமாக இறங்கி, கடைசியில் பில்லூரில் மறுபடியும் பவானியில் விழுகிறது. அதாவது மலையுச்சியில் பிறந்த பவானித் தண்ணீரில் பெரும்பங்கு அட்டப்பாடியைப் பார்ப்பதே இல்லை. குறுக்கு வழியில் மலைக்குள் புகுந்து, விளக்கெரித்துவிட்டு, மேட்டுப்பாளையத்துக்கு மேலே வந்து சேர்கிறது. அட்டப்பாடியில் ஓடுவது பெரும்பாலும் அணைக்குக் கீழே இருக்கும் சரிவுகளின் தண்ணீர்.

பைக்காராவில் மின்சாரம் எடுக்கத் தொடங்கியது 1932இல். குந்தா திட்டம் அதற்குப் பிறகு, 1950களில், கனடா நாட்டின் உதவியோடு வந்தது. அந்தச் சுரங்கங்களைக் குடைந்தவர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அந்த மின்சாரத்தில்தான் கொங்கு நாட்டு மில்கள் ஓடின, கிணற்று மோட்டார்கள் ஓடின. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் வேலை முழுக்க அணையின் நீர்மட்டத்தைப் பார்ப்பது. அணைக்குத் தண்ணீர் யார் கொடுக்கிறார்கள் என்று நாங்கள் அண்ணாந்து பார்த்ததே கிடையாது.

2019 ஆகஸ்ட் முற்பகுதி எனக்கு மறக்காது. அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. நாலைந்து நாள் விடாத மழை. சாலை பல இடத்தில் சரிந்து போய், உள்ளே இருந்தவர்களை மீட்கவே பாடுபட வேண்டியிருந்தது. மழை நின்ற பிறகு போனேன். மரம் வெட்டி மொட்டையாகக் கிடந்த சரிவுகளும் சாலைக்காக அறுத்த சரிவுகளும் செம்மண் காயமாகக் கிழிந்து கிடந்தன. பழைய புல்வெளி நான் பார்த்த இடங்களில் பெரும்பாலும் அப்படியே படிந்து கிடந்தது, சீவி விட்ட தலைமுடி மாதிரி.

#8 ஈரோடு_பசுமை

எல்லோரும் புல்வெளி புல்வெளி என்கிறீர்கள். எனக்கு ஒரு நேர்மையான சந்தேகம். நாங்கள் எங்கள் ஊரில் ஆண்டுதோறும் மரக்கன்று நடுகிறோம். மரம் இருந்தால் மழை, மழை இருந்தால் ஆறு. அப்படியானால் அந்த மொட்டைக் குன்றுகளிலும் மரம் நட்டால் பவானியில் இன்னும் தண்ணீர் வருமே? புல் என்பது காடு அழிந்த பிறகு வந்ததுதானே?

#9 நீர்வரை

இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டது நல்லது. 150 ஆண்டுகளுக்கும் மேலாக நீலகிரியில் நடந்த தவறு இந்த நினைப்பிலிருந்து வந்ததுதான்.

முதலில், புல் பிறகு வந்ததா? நீலகிரிச் சதுப்புகளில் கறுப்பு மண்ணை அடுக்கு அடுக்காக எடுத்து, அதில் இருக்கும் கார்பனை ஆராய்ந்தார்கள். புல்லின் கார்பனும் மரத்தின் கார்பனும் சற்று வேறுபடும் என்பதால், எந்தக் காலத்தில் எது அதிகம் இருந்தது என்று கணக்கிட முடியும். ராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு அது. 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல்வெளி இருந்திருக்கிறது. காலநிலை மாற மாறக் காடு பெருகியும் புல் பெருகியும் மாறி மாறி வந்திருக்கின்றன. எந்த மனிதன் கோடரி எடுப்பதற்கும் முன்னால். மேல்குந்தா அண்ணா சொன்ன உறைபனிக்கும் இதில் பங்குண்டு. திறந்த பள்ளத்தில் முளைக்கும் சோலை மரக்கன்று உறைபனியில் கருகிவிடும், புல் தாங்கும்.

இரண்டாவது, மரம் நட்டால் தண்ணீர் கூடுமா? இதை உதகையில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். மத்திய மண், நீர்வள ஆராய்ச்சி மையம் கிளென்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 32 ஹெக்டேர். ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, இன்னொன்றில் 1972இல் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்டார்கள். இரண்டிலும் ஓடைத் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். முதல் பத்து ஆண்டுகளில் கற்பூர மரப் பக்கத்து ஓடையில் தண்ணீர் 16 விழுக்காடு குறைந்தது. மரத்தை வெட்டி, அடிமரத்திலிருந்து மறுபடி தளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் குறைவு சுமார் 25 விழுக்காடு ஆனது. நமக்குத் தண்ணீர் அதிகம் தேவைப்படும் வறண்ட மாதங்களில்தான் அடி அதிகம் விழுந்தது.

உங்கள் ஊரில் நீங்கள் மரம் நடுவதில் தவறே இல்லை. தயவுசெய்து தொடருங்கள். அந்த உச்சிப் புல்வெளியில் மட்டும் கணக்கு வேறு. அங்கே மழையைக் கொண்டுவருவது கடலும் மலைச்சுவரும். பெய்ததை வாங்கி, பிடித்து, மெல்ல விடுவது புல்லின் வேரும் சதுப்பும் சோலையும்.

#10 மேல்குந்தா

தம்பி எண்ணிக்கையில் சொன்னதை நான் கண்ணால் பார்த்தவன்.

எங்கள் ஊருக்கு மேலே ஒரு மடிப்பு. என் அப்பா காலத்தில் அங்கே சதுப்பு இருந்தது, எருமைகள் இறங்கினால் வயிறு வரை புதையும் என்பார். அதன் ஓடையில்தான் ஊருக்குக் குடிதண்ணீர். அந்தக் காலத்தில் தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை (வாட்டில்) மரமும், மரக்கூழுக்காகக் கற்பூர மரமும் புல்வெளி முழுக்க நடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. புல்வெளி என்றால் சும்மா கிடக்கும் நிலம் என்று கணக்கு. நட்டவர்களும் எங்கள் ஊர்க்காரர்களே, கூலிக்கு. நான் பத்தாவது படிக்கும்போது ஏப்ரல் மாதத்தில் முதல்முறையாக ஓடை நின்றது. ஊரே சேர்ந்து மேலே ஏறிப் பார்த்தோம். சதுப்பு இருந்த இடத்தில் சீகை நெருக்கமாக நின்றது. அம்மா மண்ணை அள்ளினார்கள். கையில் பொடியாகக் கொட்டியது. "இது ஊறின மண்ணு" என்று மட்டும் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு மனு எழுதி, அலைந்து, ஒரு அலுவலகத்தில் "மரத்தை வெட்டச் சொல்கிறீர்களா? நீங்கள் எல்லாம் மலைவாசிகளா?" என்று கேட்டு அனுப்பினார்கள். அப்போது எங்களிடம் பதில் சொல்ல வார்த்தை இல்லை. இன்று இருக்கிறது.

#11 தாளவாடி_தம்பி

அப்போ சீகை மரத்தை எல்லாம் ஒரே மூச்சில் வெட்டித் தள்ளினால் என்ன அண்ணா?

#12 மேல்குந்தா

எனக்கும் இருபது வயதில் அந்த வேகம் இருந்தது. வெட்டிப் பார்த்தோம். சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும். வெட்டி வெயில் பட்டதும், அல்லது தீ பட்டதும், ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் முளைக்கும். ஒரு மரத்தை எடுத்த இடத்தில் கீரைப்பாத்தி மாதிரி சீகைக் கன்றுகள். வருடா வருடம் வந்து கையால் பிடுங்க வேண்டும். பிடுங்கின இடத்தில் சொந்தப் புல்லின் விதையைப் போட வேண்டும், அல்லது புல் கொத்தை வேரோடு எடுத்து நட வேண்டும். ஆள் வேண்டும், கூலி வேண்டும், பத்து வருடப் பொறுமை வேண்டும்.

எல்லா இடத்திலும் வெட்டவும் கூடாது. சோலையை ஒட்டி இருக்கும் சில பழைய சீகைத் தோப்புகளுக்குள் போனால், நிழலில் நாவல், காட்டுச் செண்பகக் கன்றுகள் முளைத்து நிற்கும். சீகை உறைபனியைத் தடுத்துக் கொடுக்கிறது, அதன் காலடியில் சோலை திரும்பி வருகிறது. அங்கே கைவைத்தால் நாமே சோலையைக் கொல்கிறோம்.

#13 பென்ஸ்டாக்

இன்னொன்றும் நடக்கிறது. போர்த்திமந்து நீர்த்தேக்கத்தையும் அவலாஞ்சி–எமரால்டையும் இணைத்து, 500 மெகாவாட் நீரேற்று மின் திட்டம். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே விடுவது. சூரிய மின்சாரத்தைச் சேமிக்க இது உதவும் என்பதை ஒரு மின் ஊழியனாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேலும் கீழும் ஓட்டுவதற்கு முதலில் தண்ணீர் வேண்டுமே. அது ஊறும் புல்வெளிக்கும் திட்டச் செலவில் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்று நான் எங்கே போனாலும் சொல்லி வருகிறேன்.

#14 முக்காலிக்காரி

பென்ஸ்டாக் ஐயா, நீங்கள் சொன்ன குறுக்கு வழியைப் பற்றி இரவெல்லாம் யோசித்தேன். நாங்கள் துணி துவைக்கும் ஆறு உச்சியின் தண்ணீர் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இருந்தாலும் வருத்தமில்லை. இங்கே அமைதிப் பள்ளத்தாக்கின் கிழக்குச் சரிவு எங்களுக்குத் தருகிறது. அந்தக் காட்டை இன்னும் அக்கறையாகப் பார்க்கத் தோன்றுகிறது.

#15 ஈரோடு_பசுமை

நீர்வரை தம்பிக்கு நன்றி. எங்கள் குழுவில் அடுத்த மாதம் நீலகிரிப் புல்வெளியில் மரக்கன்று நடும் பயணம் ஒன்று பேச்சில் இருந்தது. அதை நிறுத்தச் சொல்லிவிட்டேன். அதற்குப் பதில் சீகைக் கன்று பிடுங்கும் வேலைக்கு ஆள் தேவைப்பட்டால் நாங்கள் வரலாமா?

#16 மேல்குந்தா

தாராளமாக. முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் வனத்துறை அனுமதியும், அவர்கள் ஆள் கூட வருவதும் கட்டாயம். பூங்காவுக்கு வெளியே ஊர்ப் பக்கத்திலேயே எவ்வளவோ இடம் இருக்கிறது. பருவமழை முடிந்து மண் ஈரமாக இருக்கும்போது வாருங்கள், வேர் முழுசாக வரும். ஒரு வேண்டுகோள்: சதுப்பில் யாரும் இறங்கக்கூடாது. ஒரு செருப்புத் தடம் அடுத்த மழை வரை அப்படியே இருக்கும்.

#17 கூடுதுறை

ஒரு ஊசிக்கு இடம் கேட்டேன், ஒரு மலையையே கொடுத்துவிட்டீர்கள். எல்லோருக்கும் நன்றி.

இப்படிச் செய்யப் போகிறேன். ஊசியை எடுத்துவிடுகிறேன். அப்பர் பவானிக்கு மேலே மெல்லிய கோடுகள் மறையும் இடம் முழுவதும் பிள்ளைகளை விட்டுப் பச்சையும் நீலமும் கலந்து வண்ணம் அடிக்கச் சொல்லப் போகிறேன். பென்ஸ்டாக் ஐயா சொன்ன சுரங்க வழியை அப்பர் பவானியிலிருந்து பில்லூர் வரை சிவப்புப் புள்ளிக்கோடாகப் போடுவோம். கேள்வி கேட்ட மாணவியின் அப்பா காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் மஞ்சள் போடுகிறார். அவள் வீட்டு வயல் வரை கோட்டை இழுத்து முடிப்போம்.

வகுப்பில் காட்ட ஒரு பொருள் வேண்டுமே என்று யோசித்தேன். ஒரு ஸ்பாஞ்சை நனைத்துச் சாய்த்த தட்டில் வைத்து, பக்கத்தில் ஒரு காய்ந்த செங்கல்லை வைத்து, இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றலாமா?

#18 நீர்வரை

ஊற்றலாம் சார். ஊற்றிவிட்டு உடனே பாடத்தை முடித்துவிடாதீர்கள். மதிய உணவுக்குப் பிறகு திரும்ப வந்து, எந்தத் தட்டில் இன்னும் சொட்டுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

#19 மேல்குந்தா

ஐயா, வண்ணம் அடிக்கும்போது ஒரு கவனம். மேற்கே சிஸ்பாரா பக்கம் முகடு வரை மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். அதைத் தாண்டி ஒரு நூல் போனாலும் அது குந்திப்புழைத் தண்ணீர், பாரதப்புழை வழியாகப் பொன்னானிக்குப் போவது. அந்த முகட்டில் ஒருமுறை மேகம் இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் இறங்குவதைப் பார்த்தபடி அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த முறை போகும்போது புகைப்படம் எடுத்து உங்கள் பிள்ளைகளுக்கு அனுப்புகிறேன்.